வரைவு டிஜிட்டல் போட்டி மசோதா: புகார் தர முடியாதவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

கரூர்_ஜவுளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கரூரில் பதினோரு ஆண்டுகளாக வீட்டு உபயோகத் துணி தயாரித்து வருகிறேன். சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு, படுக்கை விரிப்பு ஆகியவையே எங்கள் சரக்கு. முன்பு ஏற்றுமதியாளர்களுக்கு ஜாப் ஒர்க் செய்தோம். 2019இலிருந்து சரக்கில் பாதிக்கு மேல் ஓர் இணையச் சந்தை வழியாகப் போகிறது. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் மஞ்சள் கரை போட்ட, சிறு கட்டம் போட்ட சமையலறைத் துண்டு ஒன்றை நான்கு உருப்படிகள் கொண்ட செட்டாக விற்கத் தொடங்கினேன். முதல் இரண்டு மாதங்களில் ரிட்டர்ன் அதிகமாக வந்தது. திரும்பி வந்த துண்டுகளை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, மூலையில் மடித்துத் தைத்த இடம் ஒரே சலவையில் பிரிந்திருந்தது தெரிந்தது. தையலை இரட்டையாக்கினோம், மூலையில் தொங்கவிட ஒரு சிறு நாடாவும் வைத்தோம். ரிட்டர்ன் குறைந்தது, ரேட்டிங் ஏறியது, தேடலில் முதல் வரிசைக்கு வந்தோம். அடுத்த ஆண்டு தீபாவளிக்கு முன், அதே அளவில், அதே மஞ்சள் கரையோடு, இரட்டைத் தையலும் மூலை நாடாவும் வைத்து, அந்தச் சந்தைக்கே நெருக்கமான ஒரு பிராண்டின் துண்டு எங்களுடையதைவிட 20 ரூபாய் குறைவாக, எங்களுக்கு மேலே வந்து நின்றது. எங்கள் விற்பனை எண்களைப் பார்த்துத்தான் அதைச் செய்தார்கள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் கிடைக்கும் இடத்தில் நான் இல்லை என்பதே எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

விலையைக் குறைத்து ஈடுகொடுக்கவும் இடமில்லை. 399 ரூபாய்க்கு விற்கும் ஒரு செட்டுக்குச் செட்டில்மெண்ட் தாளில் கமிஷன் 52, அனுப்புகை 62, நிலைக் கட்டணம் 15, இவற்றுக்கான ஜி.எஸ்.டி. 23, விளம்பரம் வரியோடு 35 என்று கழிகிறது. கைக்கு வரும் 212 ரூபாயில்தான் நூல், சாயம், நெசவு, தையல், பேக்கிங், எங்கள் வரி எல்லாம் அடங்க வேண்டும்.

மத்திய பெருநிறுவன விவகார அமைச்சகம் 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டி மசோதா ஒன்றின் வரைவை வெளியிட்டது என்று படித்தேன். என்னைப் போன்றவருக்கு அதில் ஏதேனும் இருக்கிறதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சென்னை_வழக்குரைஞர் எழுதியது:

உங்கள் கேள்விக்கு இருக்கிறது என்றே பதில் சொல்லலாம். ஆனால் அது இன்னும் சட்டமாகவில்லை. அதன் பின்னணியிலிருந்து தொடங்குகிறேன்.

இன்று நம்மிடம் இருப்பது 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம். சந்தையில் ஆதிக்கம் பெற்ற நிறுவனம் அதைத் தவறாகப் பயன்படுத்தினால், இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து அபராதம் விதிக்கலாம். ஆனால் தவறு நடந்து முடிந்த பிறகுதான் இந்தச் சட்டம் வேலையைத் தொடங்கும். எது சந்தை, அதில் யாருக்கு ஆதிக்கம், நடந்தது துஷ்பிரயோகமா, அதனால் போட்டிக்குக் கேடு நேர்ந்ததா என்று ஒவ்வொரு படியையும் புதிதாக நிறுவ வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி குழுமம் கூகுளின் தேடல் முடிவுகள் குறித்து ஆணையத்திடம் 2012இல் முறையிட்டது. 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்து ஆணையம் உத்தரவிட்டது 2018 பிப்ரவரியில். ஆறு ஆண்டுகள் கழித்து வந்ததும் முதல் கட்ட உத்தரவுதான். மேல்முறையீடு அதற்குப் பிறகு. அந்தக் காத்திருப்பைத் தாங்கும் வலு அந்த நிறுவனத்துக்கு இருந்தது. உங்கள் துண்டுக்கு இரண்டு தீபாவளிகூடப் பொறுக்காது.

இந்தத் தாமதத்தைச் சுட்டி, நாடாளுமன்றத்தின் நிதிக்கான நிலைக்குழு 2022 டிசம்பரில் தன் 53ஆவது அறிக்கையைத் தந்தது. பெரிய தளங்களின் போட்டிக்கு எதிரான செயல்கள் பத்தை வகைப்படுத்தி, நடந்த பின் தண்டிப்பதைவிட நடக்குமுன் நடத்தை விதிகளை வகுக்க வேண்டும் என்றது. 2023 பிப்ரவரியில் அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் அறிக்கையும் வரைவு மசோதாவும் 2024 மார்ச் 12 அன்று வெளியாயின.

வரைவின் அமைப்பு எளிமையானது. தேடுபொறி, சமூக வலைதளம், காணொளிப் பகிர்வு, செய்திப் பரிமாற்றம், இயங்குதளம், உலாவி, மேகக் கணிமை, விளம்பரச் சேவை, வாங்குவோரையும் விற்போரையும் இணைக்கும் இடைத்தரகுச் சேவை என ஒன்பது சேவைகளைப் பட்டியலிடுகிறது. உங்கள் இணையச் சந்தை ஒன்பதாவதில் வரும். இவற்றில் ஒன்றை நடத்தும் நிறுவனம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், தொடர்ச்சியான மூன்று நிதியாண்டுகளின் கணக்கைப் பார்த்து, ‘அமைப்பளவில் முக்கியமான டிஜிட்டல் நிறுவனம்’ என்று ஆணையம் அறிவிக்கும். பண அளவு இந்தியாவில் 4,000 கோடி ரூபாய் விற்றுமுதல், அல்லது தளத்தின் வழியே விற்ற சரக்கின் மொத்த மதிப்பு 16,000 கோடி ரூபாய், அல்லது உலக அளவில் 3,000 கோடி டாலர் விற்றுமுதல், அல்லது 7,500 கோடி டாலர் சந்தை மூலதனம். அத்துடன் இந்தியாவில் ஒரு கோடி பயனர்களோ 10,000 வணிகப் பயனர்களோ இருக்க வேண்டும். அளவைத் தொட்டதும் 90 நாள்களுக்குள் நிறுவனமே முன்வந்து ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். அறிவிப்பு மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். விதியை மீறினால் உலக விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம்.

உங்களுக்கு நேரடியாக உதவக்கூடியவை இரண்டு பிரிவுகள். பிரிவு 11, தன் சரக்கையோ தன்னோடு ஏற்பாடு செய்துகொண்டவரின் சரக்கையோ தளம் முன்னிறுத்துவதைத் தடுக்கிறது. பிரிவு 12, வணிகப் பயனர்களின் பொதுவில் இல்லாத தரவைப் பயன்படுத்தி அவர்களோடே தளம் போட்டியிடுவதைத் தடுக்கிறது. உங்கள் துண்டின் கதைக்கு இந்த இரண்டாவதைவிடப் பொருத்தமான பிரிவு வேறில்லை.

செயலி_நிரலாளர் எழுதியது:

கரூர் நண்பரின் அனுபவத்தைப் படித்து வருந்துகிறேன். ஆனாலும் இந்த வரைவை நான் ஆதரிக்கவில்லை; காரணத்தைச் சொல்ல வேண்டியது என் கடமை. நான் வேலை செய்யும் நிறுவனம் சிறியதுதான், ஆனால் இன்னும் சில ஆண்டுகளில் இந்த வரம்பைத் தொட்டுவிடக்கூடும்.

இந்த வரைவுக்கு முன்மாதிரி ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம். அங்கே ஒரு தளம் ‘வாயிற்காவலர்’ என்று, அதாவது சிறப்பு விதிகளுக்கு உட்பட வேண்டிய பெரிய தளம் என்று கருதப்பட மாதத்துக்கு 4.5 கோடிப் பயனர்களும் ஆண்டுக்கு 10,000 வணிகப் பயனர்களும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்றியத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 45 கோடி என்பதால், பத்தில் ஒருவர் என்ற கணக்கு அது. நம் வரைவோ 140 கோடி மக்களில் ஒரு கோடி என்கிறது. அதாவது நூற்றில் ஒருவர்கூட இல்லை. அங்கே இரண்டு அளவுகளும் வேண்டும். இங்கே இரண்டில் ஒன்று போதும். இவை தவிர, எந்த அளவையும் தொடாத நிறுவனத்தையும் வேறு காரணிகளைக் கொண்டு ஆணையம் அறிவிக்கலாம் என்றும் ஓர் இடம் இருக்கிறது. முதலீடு தேடி அலையும் ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

முன்கூட்டியே விதி வகுத்தால் பயனர்கள் இழப்பதும் உண்டு. ஐரோப்பாவில் கூகுளில் ஓர் ஊரைத் தேடினால் வரும் சிறிய நிலப்படத்தைத் தொட்டு நேரே வரைபடத்துக்குப் போகும் வசதி போய்விட்டது. தன் சேவையைத் தானே முன்னிறுத்தக் கூடாது என்ற விதியின் விளைவு அது. மெட்டாவின் திரெட்ஸ் செயலி 2023 ஜூலையில் மற்ற நாடுகளுக்கு வந்தபோதும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அந்த ஆண்டு டிசம்பரில்தான் போய்ச் சேர்ந்தது.

போட்டி ஆணையத்துக்கு ஏற்கெனவே பல் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு தொடர்பாக 1,337.76 கோடி ரூபாய், அதே மாதத்தில் பிளே ஸ்டோர் கட்டண முறை தொடர்பாக 936.44 கோடி ரூபாய் என்று கூகுளுக்கு அபராதம் விதித்தது. போட்டிச் சட்டத்தின் 2023 திருத்தத்தில், வழக்கைச் சமரசமாக முடிக்கவும் நடத்தையை மாற்றுவதாக நிறுவனம் உறுதிமொழி தரவும் வழி செய்திருக்கிறார்கள். அபராதத்தை உலக விற்றுமுதலைக் கொண்டு கணக்கிடவும் இடம் வந்துவிட்டது. இவை பலன் தருகின்றனவா என்று சில ஆண்டுகள் பார்த்துவிட்டு அடுத்த சட்டத்தை எழுதினால் என்ன?

சென்னை_வழக்குரைஞர் எழுதியது:

வரம்பு குறித்து நிரலாளர் சொல்வதில் நியாயம் உண்டு. கருத்துக் கேட்பில் பலரும் அதைச் சொன்னார்கள். வரம்புகளை மேலும் ஆராய வேண்டும் என்று அரசும் கூறிவிட்டதால்தான் மசோதா நாடாளுமன்றத்துக்கு வராமல் நிற்கிறது. ஒரு கோடி என்பதை உயர்த்தலாம், ‘அல்லது’ என்பதை ‘மற்றும்’ என்று மாற்றலாம். மசோதாவின் உயிர் அதில் இல்லை.

ஆனால் அபராதத் தொகையைக் காட்டி ஆணையத்துக்குப் பல் இருக்கிறது என்பதை ஏற்க முடியவில்லை. பிளே ஸ்டோர் வழக்கில் 936.44 கோடியை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்தது. ஆண்ட்ராய்டு வழக்கில் அபராதம் நின்றது. ஆணையம் இட்ட பத்துக் கட்டளைகளில் நான்கு ரத்தாயின. இடைப்பட்ட காலத்தில் நடந்தது இதைவிட முக்கியம். கட்டணத் தகராறு நீதிமன்றங்களில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2024 மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட சில இந்தியச் செயலிகள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டன. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகே சில நாள்களில் அவை திரும்பி வந்தன. அமைச்சர் தொலைபேசியை எடுத்தால்தான் கடை திறக்கும் என்பது எந்தச் சட்டத்தின் ஆட்சி?

இணையச் சந்தைகளைப் பற்றிய விசாரணையையும் பாருங்கள். டெல்லி வியாபாரிகள் அமைப்பு ஒன்றின் புகாரின்பேரில் அமேசான், ஃபிளிப்கார்ட் மீது விசாரணை நடத்த ஆணையம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்தத் தடை நீங்கி, உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்து, விசாரணை நகரத் தொடங்கியபோது 2021 ஆகஸ்ட் ஆகிவிட்டது. விசாரிக்கலாமா கூடாதா என்ற கேள்வி மட்டுமே ஒன்றரை ஆண்டைத் தின்றது.

மதுரை_ஆசிரியை எழுதியது:

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் தெருவில் யாருக்காவது இணையத்தில் பொருள் வாங்கியதில் பணம் போய்விட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் புகார் பதிவு செய்து கொடுப்பேன். இங்கே விற்பவர்களைப் பற்றி மட்டுமே பேச்சு நடக்கிறது. வாங்குபவர் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு செயலியில் மாத்திரை வாங்கினார். 640 ரூபாய் என்று காட்டியது பணம் கட்டும் பக்கத்தில் 688 ஆகிவிட்டது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். ‘பில் விவரம்’ என்ற சிறிய அம்புக்குறியைத் தொட்ட பிறகுதான், கையாளும் கட்டணம் 14, பாதுகாப்பான பேக்கிங் 29, நன்கொடை 5 என்று விரிந்தது. நன்கொடைக்கு எதிரே இருந்த கட்டத்தில் டிக் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. பெரியவர் அதைத் தொடவே இல்லை. 2020இன் மின்வணிக விதிகளின்படி வாங்குபவரின் சம்மதத்தை முன்பே டிக் செய்த கட்டத்தால் பெறக் கூடாது. 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட டார்க் பேட்டர்ன் (வாங்குபவரை ஏமாற்றும் திரை வடிவமைப்பு) வழிகாட்டுதல்கள், கூடையில் சத்தமில்லாமல் பொருள் சேர்ப்பது, விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது, சந்தாவை ரத்து செய்ய முடியாமல் சிக்க வைப்பது, பொய் அவசரம் காட்டுவது என 13 வகைகளைப் பெயர் சொல்லித் தடை செய்கின்றன. விதி இருக்கிறது, டிக்கும் இருக்கிறது.

ஐந்து ரூபாய்க்கு யார் வழக்குப் போடுவார்கள்? புகார் எழுதலாம் என்று நான் சொன்னபோது, ‘விடுங்கம்மா, அஞ்சு ரூபாதானே’ என்று பெரியவரே தடுத்துவிட்டார். ஒருவருக்கு ஐந்து ரூபாய். ஒரு கோடிப் பேருக்கு ஐந்து கோடி. இந்தக் கணக்கு நிறுவனத்துக்குத் தெரியும். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விதிக்கும் அபராதம் முதல் முறை பத்து லட்சம் வரை, மறுமுறை ஐம்பது லட்சம் வரை. போட்டி மசோதாவில் 10 சதவீதம் என்று ஆணையத்துக்குக் கொடுக்கும் வலுவில் ஒரு பங்காவது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் வேண்டாமா?

லண்டன்_வாசகர் எழுதியது:

அம்மா கேட்பதை பிரிட்டனில் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். டிஜிட்டல் சந்தைகள், போட்டி மற்றும் நுகர்வோர் சட்டம் என்ற பெயரில் அது 2024 மே 24 அன்று அரச ஒப்புதல் பெற்றது. போட்டியையும் நுகர்வோர் நலனையும் கவனிக்கும் அமைப்பு இங்கே ஒன்றே. ஏதேனும் ஒரு டிஜிட்டல் செயல்பாட்டில் வேரூன்றிய சந்தை வலிமை உடைய நிறுவனத்தை அது விசாரித்து அறிவிக்கும். பிறகு அந்த நிறுவனத்துக்கென்றே தனி நடத்தை விதிகளை எழுதும். எல்லாருக்கும் ஒரே பட்டியல் என்ற ஐரோப்பிய முறையிலிருந்து இது மாறுபட்டது. பொதுத் தேடலில் கூகுள் அவ்வாறு அறிவிக்கப்பட்டது 2025 அக்டோபரில்.

நுகர்வோர் பகுதி 2025 ஏப்ரல் 6 முதல் நடப்பில் உள்ளது. அதுவரை நீதிமன்றத்துக்குப் போனால்தான் தண்டிக்க முடியும் என்றிருந்தது. இப்போது அந்த அமைப்பே தீர்மானித்து உலக விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். போலி மதிப்புரைகளும், தவிர்க்க முடியாத கட்டணத்தைக் கடைசிப் பக்கம் வரை மறைத்து வைப்பதும் நேரடியாகத் தடை செய்யப்பட்டுள்ளன. சந்தாப் பொறிகளுக்கான பிரிவுகளை மட்டும் தள்ளிவைத்துவிட்டார்கள்.

நிரலாளர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிறுவனத்துக்கேற்ற விதி என்ற முறையில் சிறிய நிறுவனம் தவறுதலாக வலைக்குள் விழும் வாய்ப்பு குறைவு. ஆனால் அதற்கு ஆணையத்தில் பொருளியலும் மென்பொருளும் அறிந்த ஆள்கள் நிறைய வேண்டும், நேரமும் பிடிக்கும்.

கரூர்_ஜவுளி எழுதியது:

எல்லாருடைய பதிவுகளையும் இரண்டு முறை படித்தேன். மதுரை அம்மா எழுதியதைப் படித்த பிறகுதான் என் பிரச்சினையே எனக்குத் தெளிவானது. அதனால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

நான் ஏன் இதுவரை எங்கும் புகார் தரவில்லை என்று நண்பர் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். தகவல் தருபவர் தன் அடையாளத்தை மறைத்து வைக்குமாறு போட்டி ஆணையத்திடம் கேட்க முடியும் என்பதையும் அவரே சொன்னார். ஆனால் மஞ்சள் கரை, இரட்டைத் தையல், மூலை நாடா என்று மூன்று சொற்களைப் புகாரில் எழுதினால் போதும்; கரூரில் எந்தத் தெருவில் எந்தக் கடை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். பெயரை மறைக்கலாம், சரக்கை மறைக்க முடியாது. மறுநாள் என் கணக்கை முடக்க வேண்டிய தேவைகூட இல்லை. தேடலில் முதல் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கத்துக்கு இறக்கிவிட்டால், தரவரிசை மாறியது என்று மட்டும் பதில் வரும். தையலில் உட்காரும் ஒன்பது பெண்களுக்கு அந்த வாரக் கூலியை நான் எங்கிருந்து கொடுப்பேன்?

பெரியவர் ஐந்து ரூபாய்க்காகப் புகார் தர மாட்டார், ஏனென்றால் இழப்பு மிகச் சிறியது. நான் தர மாட்டேன், ஏனென்றால் இழக்கப்போவது மிகப் பெரியது. இருவரும் வாய் திறக்க மாட்டோம் என்பதை வைத்துத்தான் அந்தத் திரையும் அந்தத் தரவரிசையும் அமைக்கப்பட்டிருக்கின்றன. புகார் வந்தால் விசாரிப்போம் என்று காத்திருக்கும் எந்தச் சட்டமும் எங்கள் இருவரையும் வந்தடையாது. வழக்குரைஞர் ஐயா தாமதத்தைப் பற்றிச் சொன்னார்; நிரலாளர் அபராதத் தொகையைப் பற்றிச் சொன்னார். எனக்கு இரண்டும் அடுத்த விஷயம்தான். நான் போய் நிற்காமலே, விதியைப் பின்பற்றுகிறோம் என்று தளமே கணக்குக் காட்ட வேண்டிய நிலை இந்த வரைவில் வருகிறதா என்பதுதான் என் கேள்வி. வருமானால், வரம்பை எவ்வளவு உயர்த்தினாலும் எனக்குக் கவலையில்லை. நான் விற்கும் சந்தை எந்த வரம்பையும் தாண்டியதுதான்.

செயலி_நிரலாளர் எழுதியது:

இதை நான் இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. புகார் தருபவர் இல்லாமல் போட்டிச் சட்டம் முடங்கிப் போகும் என்பதை ஏற்கிறேன். ஆணையம் தானாகவே விசாரணையைத் தொடங்கலாம் என்றாலும், உள்ளே நடப்பதை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை.

ஆகவே எதிர்ப்பை ஓரம் வைத்துவிட்டு, தொழில்நுட்பம் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தரவைப் பயன்படுத்தவில்லை என்று ஆண்டுக்கொரு முறை கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு மதிப்பில்லை. எந்தப் பெரிய நிறுவனத்திலும் தரவுக் கிடங்குக்கு அணுகல் பதிவேடு உண்டு. எந்த ஊழியர், எந்த நாளில், எந்த விற்பனையாளரின் எந்த அட்டவணையைத் திறந்தார் என்பது அதில் தானாகவே விழும். சொந்த பிராண்டுக்குப் பொருள் தேர்வு செய்யும் குழுவுக்கு விற்பனையாளர்களின் ரிட்டர்ன் காரணங்களையும் அஞ்சல் குறியீட்டு வாரியான விற்பனையையும் பார்க்க அனுமதி இருந்ததா என்பதை இரண்டு நாளில் சொல்லிவிடலாம். அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும், ஆணையம் கேட்டால் தர வேண்டும் என்று எழுதினால் போதும். இதனால் எந்தப் புதுமையும் நிற்காது, எந்தச் சிறு நிறுவனமும் நொடித்துப் போகாது. வரம்பைப் பற்றிய என் கருத்தில் மட்டும் மாற்றமில்லை.

சென்னை_வழக்குரைஞர் எழுதியது:

மிகவும் பயனுள்ள யோசனை. கரூர் நண்பரின் கேள்விக்கு நேராக வருகிறேன். வரைவின்படி, அறிவிக்கப்பட்ட நிறுவனம் வெளிப்படையான புகார் தீர்வு முறையையும் விதிகளைப் பின்பற்றுவதற்கான உள் ஏற்பாட்டையும் வைத்திருக்க வேண்டும், ஆணையத்துக்கு அறிக்கை தர வேண்டும். சந்தை எது, ஆதிக்கம் யாருக்கு என்று ஒவ்வொரு முறையும் நிறுவ வேண்டிய சுமையும் நீங்குகிறது. ஆனால் அறிக்கையில் என்ன இருக்க வேண்டும், பதிவேடு எத்தனை ஆண்டு என்பனவெல்லாம் பின்னால் ஆணையம் எழுதவிருக்கும் ஒழுங்குவிதிகளுக்கு விடப்பட்டுள்ளன. நிரலாளர் சொன்னது அங்கே இடம்பெற வேண்டிய வாசகம்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. பொதுவில் இல்லாத தரவு என்பதற்கு, உங்கள் வணிகத்தின் வழியாகத் தளத்தில் உருவாகும் தனித்தனித் தரவையும் திரட்டிய தரவையும் சேர்த்தே வரைவு விளக்கம் தருகிறது. இது உங்களுக்கு நல்லது. ‘நாங்கள் மொத்தக் கணக்கைத்தான் பார்த்தோம்’ என்று சொல்லித் தப்ப முடியாது. மாறாக, வாங்குபவரைத் தம் சொந்தத் தளத்துக்கு அழைக்க விற்பவருக்கு உரிமை தரும் பிரிவில், சேவைக்கு இன்றியமையாத கட்டுப்பாடாக இருந்தால் தடுக்கலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. பார்சலுக்குள் உங்கள் கடை முகவரி அச்சிட்ட அட்டையை வைப்பதுகூட அந்த விலக்குக்குள் அடைபட்டுவிடலாம். மூன்றாவது, அளவுக்கு மீறிய தள்ளுபடிக்கு இந்த வரைவில் தனிப் பிரிவே இல்லை. நிலைக்குழுவின் பத்து வகைகளில் அதுவும் ஒன்று என்றாலும் மசோதாவுக்குள் வரவில்லை. உங்களைவிட 20 ரூபாய் குறைத்து விற்றதை இந்தச் சட்டத்தைக் கொண்டு கேட்க முடியாது. எந்தத் தரவைப் பார்த்து அந்தத் துண்டைத் தைத்தார்கள் என்பதைக் கேட்க முடியும்.

அம்மா கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். நுகர்வோர் ஆணையத்தின் அபராத வரம்பை உயர்த்துவதற்கு இந்த மசோதாவில் இடமில்லை. 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் திருத்த வேண்டும். அமைச்சகமும் வேறு.

மதுரை_ஆசிரியை எழுதியது:

அமைச்சகம் வேறாக இருந்தாலும் கைப்பேசி ஒன்றுதான், ஐயா. அந்தப் பெரியவரின் திரையை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். தேதி, நேரம், விரித்த பில், டிக் போட்ட கட்டம் எல்லாம் அதில் தெரிகின்றன. இனி தெருவில் யார் வந்தாலும் ஐந்து ரூபாயானாலும் படம் எடுத்து 1915இல் பதிவு செய்யச் சொல்வேன். நாற்பது புகார்கள் சேர்ந்தால் அது ஐந்து ரூபாய்ப் பிரச்சினையாக இருக்காது.

கரூர்_ஜவுளி எழுதியது:

கருத்துத் தெரிவிக்கும் காலம் 2024 மே மாதமே முடிந்துவிட்டது என்று தெரிகிறது. ஆனாலும் மசோதா இன்னும் அவைக்கு வராததால் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுகிறேன். அணுகல் பதிவேடு மூன்று ஆண்டுகள் காக்கப்பட வேண்டும் என்பதையும், பார்சலுக்குள் வைக்கும் முகவரி அட்டை விலக்குக்குள் வரக் கூடாது என்பதையும் அந்தக் கடிதத்தில் சேர்க்கிறேன். துண்டின் பெயரை எழுதாமல், தையலைப் பற்றியும் சொல்லாமல், விற்பனை எண்களை மட்டும் மாதவாரியாக இணைக்கலாமா, அப்போதும் அடையாளம் தெரிந்துவிடுமா என்று வழக்குரைஞர் ஐயா பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும். தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.